சார்ஜரை மாட்டிவிட்டுப் போகும் அப்பா

குழந்தைகள் வார்டில் தெர்மாமீட்டரை எந்த அம்மாவும் முழுசாக நம்புவதில்லை. “100.4 இருக்கும்மா” என்று நான் சொன்ன பிறகும் புறங்கையைப் பிள்ளையின் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “குறைஞ்ச மாதிரிதான் இருக்கு சிஸ்டர்” என்பார்கள். வேலைக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இப்போது இல்லை. அந்தக் கை பட்டதும் பிள்ளை கண்ணை மூடிக்கொள்கிறது, தெர்மாமீட்டர் வைக்கும்போது அப்படிச் செய்வதில்லை.

இதெல்லாம் யாரும் யோசித்துச் செய்வதில்லை. மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்கும் முன் தன் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பார் ஒருவர். ஊசி போட்ட இடத்தில் ஊதிவிடுவார் இன்னொருவர். கேட்டால், “நான் அப்படியா செஞ்சேன்?” என்பார்கள்.

பிள்ளைகளும் சும்மா இருப்பதில்லை. நெபுலைசர் மாஸ்க்கைத் தன் முகத்திலிருந்து எடுத்து அம்மா மூக்கில் வைத்து, “நீயும்” என்று சொல்லும் குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பதின்வயதுப் பையன்கள்தான் சுவாரஸ்யம். ஒருவன் பகல் முழுக்க அப்பாவிடம் ஒற்றை வார்த்தையில்தான் பதில் சொன்னான். அப்பாவும் பேச்சுக்காரர் இல்லை. ஆனால் ராத்திரி அவன் தூங்கியதும் அவன் போனை எடுத்துச் சார்ஜரில் மாட்டிவைத்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய்வார். நடுராத்திரி மருந்து மாற்றப் போனபோது, பையன் தன் போர்வையின் ஒரு முனையை இழுத்து அவர் காலில் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிப் படுத்துக்கொண்டான். சரி, நானும் எதையும் பார்க்காத மாதிரி ட்ரிப்ஸ் வேகத்தைச் சரிபார்த்துவிட்டு வந்தேன்.

ஒரு காலத்தில் பல மருத்துவமனைகள் இந்தக் கைகளை வாசலிலேயே நிறுத்திவைத்தன. அம்மாவைப் பார்த்தால் குழந்தை அதிகம் அழும், அதனால் பார்வை நேரத்தைக் குறை என்பது அன்றைய கணக்கு. பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற மனநல சமூகப் பணியாளர் 1952இல் மருத்துவமனையில் தனியாகத் தங்கிய ஒரு இரண்டு வயதுக் குழந்தையைப் படம்பிடித்துக் காட்டினார். அழுகை அடங்கிப்போன குழந்தை வார்டுக்குப் பழகிவிடவில்லை, ஏங்கிச் சோர்ந்துபோயிருக்கிறது என்பது அவர் வாதம். 1959இல் மருத்துவமனைக் குழந்தைகளின் நலன் பற்றி அங்கே வந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. ‘சமத்தாகப் படுத்திருக்கிறது’ என்று யாராவது குறிப்பேட்டில் எழுதினால் நான் இன்னொரு முறை போய்ப் பார்ப்பது இதனால்தான்.

குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் அணைப்பே வைத்தியமாகிவிட்டது. இன்குபேட்டர் போதாமல் கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் தொடங்கிய கங்காரு பராமரிப்பை, அதாவது குழந்தையை வெறும் நெஞ்சில் தோலோடு தோல் படும்படி அணைத்து வைத்திருப்பதை, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை தரச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அப்பாக்களும் செய்யலாம். முதல் தடவை மூச்சுவிடவே பயந்து விறைத்து உட்காருவார்கள், அப்புறம் எழுப்புவதுதான் கஷ்டம்.

எங்கள் வேலையிலும் இது நிறைய மாற்றியிருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது முடிந்தவரை குழந்தையைப் படுக்கவைத்து அமுக்குவதில்லை. அம்மா மடியில் நெஞ்சோடு நெஞ்சாக உட்காரவைத்து, ஒரு கையை மட்டும் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். குழந்தை திமிறுவது குறைந்தால் ஊசி போடுவதும் சுலபம்.

குழந்தை அட்மிட் ஆனதும் அலர்ஜி, எடை எல்லாம் கேட்ட பிறகு, “அழுதா என்ன செய்வீங்க?” என்றும் கேட்டு எழுதிவைக்கிறேன். ‘காது மடலைத் தேய்த்தால் தூங்கும்’, ‘முதுகில் தட்டக் கூடாது, தலையைக் கோத வேண்டும்’, இந்த மாதிரி. டாக்டர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நைட் டியூட்டிக்கு வருகிறவர்கள் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.