விடுமுறைப் பயணத்தில் டரான்டுலாவுக்கு இடம் உண்டா?

விடுமுறைக்குப் பெட்டி கட்டத் தொடங்கும்போது, டரான்டுலா என்னும் பெரிய, முடியடர்ந்த சிலந்தியை வளர்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி எழுகிறது: சிலந்தியையும் உடன் கொண்டுசெல்வதா, வீட்டிலேயே விட்டுச் செல்வதா? என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓரிரு வாரப் பயணம் என்றால் வளர்ந்த சிலந்தியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரு மாதம் என்றாலும் பெரும்பாலான இனங்களுக்கு இதே விடைதான். உடன் கொண்டுபோக வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், நாயையும் பூனையையும் வைத்துப் பழகிய அளவுகோலால் சிலந்தியையும் அளப்பதுதான். நாம் இல்லாத வீட்டில் அது ஏங்குவதில்லை. நாம் இல்லை என்பதைக்கூட அது கவனிப்பதாகத் தெரியவில்லை.

பட்டினி பற்றிய அச்சம்தான் பலருக்கும் முதலில் வருகிறது. வளர்ந்த டரான்டுலா வாரத்துக்கு ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ இரை எடுத்தால் போதும். நாளின் பெரும்பகுதியை அசையாமல் கழிக்கும் அந்த உடலுக்கு மிகக் குறைந்த ஆற்றலே செலவாகிறது. சிலி நாட்டைச் சேர்ந்த கிராம்மோஸ்டோலா ரோசியா போன்ற இனங்கள், இரை பக்கத்திலேயே இருந்தாலும் பல மாதங்கள் தாமாகவே உண்ணாமல் இருந்து வளர்ப்பவரைக் கலங்கவைப்பதற்குப் பெயர் பெற்றவை. ஆகவே, கிளம்பும் முன் வயிறு முட்டத் தீனி போட்டுவிட்டுப் போவதில் பயன் இல்லை, கெடுதல்தான் உண்டு. பருத்த வயிற்றோடு பெட்டியின் சுவரில் ஏறி வழுக்கி விழும் சிலந்திக்கு வயிறு கிழியும் ஆபத்து அதிகம். அதோடு, இரையாகப் போட்டு அது தொடாமல் விட்ட சில்வண்டு பெட்டிக்குள் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும். சிலந்தி சட்டை உரிக்க மல்லாந்து கிடக்கும் வேளையில் அந்தச் சில்வண்டே அதைக் கடித்துத் தின்னத் தொடங்கிவிடலாம். கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்னதாக வழக்கமான அளவில் ஓர் இரை கொடுத்து, மிச்சம் இருந்தால் எடுத்துவிடுவதே முறை.

கவலைப்பட வேண்டியது தண்ணீரைப் பற்றி. சிலந்தியின் காலை மடக்குவதற்குத் தசைகள் உண்டு. ஆனால் முக்கியமான இரண்டு மூட்டுகளில் அதை நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடலின் முன்பகுதி தன் குருதிநீரைக் கால்களுக்குள் அழுத்தித் தள்ளுகிறது, அந்த அழுத்தத்தில்தான் கால் நீள்கிறது. உடலில் நீர் வற்றினால் அழுத்தம் குறைந்து, எட்டுக் கால்களும் உடலுக்கு அடியில் உள்நோக்கிச் சுருளத் தொடங்கும். வயிறும் வாடிய பழத்தைப்போலச் சுருங்கித் தோலில் மடிப்புகள் விழும். அந்த நிலையிலும் நீரருகே கொண்டுபோய் வைத்தால் சில சமயம் மீண்டுவிடும் என்றாலும், அதைச் செய்ய வீட்டில் ஆள் இருக்க வேண்டும். எனவே, எளிதில் கவிழாத கனமான, சற்று ஆழமான கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி வைப்பதுதான் பயண ஏற்பாட்டின் மையம். அகன்று ஆழமில்லாத தட்டு விரைவில் வற்றிவிடும். பஞ்சை நனைத்து வைக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதில் கிருமிகள் பெருகுவதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை. சிலந்தி திறந்த நீரில் நேராக வாய்வைத்துக் குடிக்கக்கூடியது.

ஈரத்தை விரும்பும் இனங்களுக்கு, படுக்கையாகப் போட்டிருக்கும் மண்ணின் ஒரு மூலையில் நீரை மெல்ல ஊற்றி அடிவரை இறங்கச் செய்துவிட்டால், மேற்பரப்பு காய்ந்தாலும் அடியில் ஈரம் நாட்கணக்கில் தங்கும். பெட்டி முழுவதையும் சொதசொதவென நனைத்துவிட்டுப் போவது அக்கறையாகத் தோன்றலாம். பூஞ்சையும் சிற்றுண்ணிகளும் அதற்காகவே காத்திருக்கின்றன. மரத்தில் வாழும் கரிபெனா வெர்சிகலர் போன்றவற்றுக்குக் காற்றோட்டமில்லாத புழுக்கம் உயிருக்கே உலை வைக்கும்.

இனி, உடன் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். டரான்டுலாவுக்குப் பார்வை மிகவும் மங்கல். அது உலகை அறிவது பெரும்பாலும் கால்களில் உள்ள நுண்முடிகள் வழியாகவும், உடலோட்டில் உள்ள நுண்பிளவுகள் வழியாகவும். காற்றின் சிறு அசைவும் தரையின் சிறு அதிர்வும் அவற்றில் பதிவாகின்றன. இரை வருவதையும் எதிரி வருவதையும் அதிர்வாலேயே அறியும் உயிரை, மணிக்கணக்கில் இயந்திரம் அதிரும் வண்டிக்குள் வைத்தால், ஓயாத அபாய அறிவிப்புக்கு நடுவே அதைக் குடிவைத்ததாகவே ஆகும். போதாக்குறைக்கு, வழியில் உணவுக்காக இறங்கும்போது வண்டிக்குள் விட்டுச் செல்ல நேரிடும். மிதமான வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் வெளியே இருப்பதைவிட 20 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கூடுதலாக ஏறக்கூடும். அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. குழந்தையையும் நாயையும் அப்படி விடக் கூடாது என்று அறிந்தவர்கள்கூட, ஒரு டப்பாவுக்குள் இருக்கும் சிலந்தியை மறந்துவிடுகிறார்கள்.

சட்டை உரிக்கும் காலம் நெருங்கியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இரையை மறுப்பது, உடல் நிறம் மங்குவது, வயிற்றில் முடி உதிர்ந்த திட்டு கறுத்துப்போவது ஆகியவை அதன் அறிகுறிகள். அதன்பின் ஒருநாள் சிலந்தி மல்லாந்து படுத்து, பழைய ஓட்டிலிருந்து ஒவ்வொரு காலாக மெதுவாக உருவி எடுக்கிறது. இது பல மணி நேரம் நீடிக்கக்கூடிய வேலை. புதிய உடல் அப்போது மிக மென்மையாக இருக்கும். நச்சுப்பற்கள்கூட வெள்ளையாக, ஒன்றுக்கும் உதவாதவையாக இருக்கும். அந்த வேளையில் ஒரு குலுக்கல் போதும், கால் இழக்கவோ உயிர் இழக்கவோ.

சேருமிடத்திலும் சிக்கல்கள் உண்டு. பயணியர் அறைக்குள் நாயையும் பூனையையும் ஏற்கும் விமான நிறுவனங்களிலேயே பல, சிலந்தியை ஏற்பதில்லை. நாட்டு எல்லையைத் தாண்டினால் சட்டமும் குறுக்கே வரும். சிவப்பு முழங்கால் சிலந்திகள் அடங்கிய பிராகிபெல்மா பேரினமும், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய பெசிலோதெரியா பேரினமும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. பெசிலோதெரியா அதில் சேர்க்கப்பட்டது 2019இல். வீட்டில் முறையாக வாங்கி வளர்ப்பதாகவே இருந்தாலும், உரிய ஆவணம் இல்லாமல் எல்லையில் பிடிபட்டால் சிலந்தி பறிமுதலாகும். தங்கும் விடுதியில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். கரப்பானைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும். அறையைச் சுத்தம் செய்ய வருபவர் ஒன்றும் அறியாமல் டப்பாவைத் திறந்தால், அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பல இனங்கள் பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து எரிச்சல் முடிகளைப் பறக்கவிடும். அவை கண்ணுக்குள் போனால் மருத்துவரைத் தேட வேண்டியதுதான். சம்பளத்துக்கு வந்தவருக்கு இந்த அனுபவத்தைத் தர நமக்கு எந்த உரிமையும் இல்லை. கடற்கரை மணலில் இறக்கிவிட்டுப் படம் எடுப்பதற்கென்றே சிலந்தியைக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி மரியாதையாக எழுத எனக்கு வரவில்லை.

இருந்தாலும், கொண்டுபோவதே சரி என்று நான் கருதும் நிலைமைகள் சில உண்டு. விரல் நகத்தைவிடச் சிறிய குஞ்சுகள் விரைவில் காய்ந்துபோகும், அடிக்கடி உண்ணும். பல வாரங்கள் ஊரில் இல்லாமல், பொறுப்பான ஆளும் கிடைக்காவிட்டால் அவற்றைத் தனியே விட முடியாது. பூட்டிய வீடு கோடையில் அடுப்பாகக் காயும் என்றாலும் யோசிக்க வேண்டியதுதான். கொண்டுபோகும்போது வளர்ப்புப் பெட்டியோடு தூக்கக் கூடாது. உள்ளே இருக்கும் நீர்க்கிண்ணமும் மரப்பட்டையும் உருண்டு சிலந்தியை நசுக்கிவிடும். கால்களை ஓரளவு விரிக்கும் இடம் மட்டுமே உள்ள சிறிய டப்பா, அதில் காற்றுத்துளைகள், உள்ளே லேசாக ஈரமாக்கிக் கசக்கிய காகிதத் துண்டு, டப்பாவைச் சுற்றி வெப்பம் தாங்கும் தெர்மோகோல் பெட்டி: இவ்வளவு போதும். இடம் பெரிதாக இருந்தால் வசதி என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி குலுங்கும்போது இடிபடுவதற்கான தூரம்தான் கூடுகிறது. கிளம்புவதற்கு முந்தைய சில நாட்கள் இரை வேண்டாம். போய்ச் சேரும்வரை டப்பாவைத் திறக்கவும் வேண்டாம்.

வீட்டில் விட்டுச் செல்பவர்கள், நீண்ட பயணமென்றால் யாரையாவது வந்து பார்க்கச் சொல்லலாம். அவரிடம் சொல்ல வேண்டியதைவிடச் செய்ய வேண்டாம் என்று தடுக்க வேண்டியதே அதிகம். நீர் வற்றியிருந்தால் நீண்ட மூக்குள்ள குப்பியால், மூடியின் சிறு திறப்பு வழியே நிரப்பலாம். இரை போட வேண்டாம், தொட வேண்டாம், மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டதென்று புரட்டிப் போட வேண்டாம், வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டிருந்தால் தோண்டிப் பார்க்க வேண்டாம். எரிச்சல் முடி இல்லாத, மின்னல் வேகத்தில் ஓடக்கூடிய, கடித்தால் கடும் தசைப்பிடிப்பை உண்டாக்கும் பெசிலோதெரியா போன்றவற்றை வைத்திருப்பவர்கள், அந்தப் பெட்டிகளின் மூடியைப் பூட்டிச் சாவியை உடன் எடுத்துப்போவதே நல்லது. பழக்கமில்லாத ஒருவரை நம்பி அந்த மூடியைத் திறக்கச் சொல்வது அவருக்கும் நல்லதில்லை, சிலந்திக்கும் நல்லதில்லை.

திரும்பி வந்ததும் ஆவலோடு இரையை உள்ளே போட்டுவிடாதீர்கள். முதலில் நீர்க்கிண்ணத்தைக் கழுவி நிரப்புங்கள். பிறகு மூலைகளிலும் வளை வாயிலும் உரித்த சட்டை கிடக்கிறதா என்று தேடுங்கள். கிடந்தால், பற்கள் கறுத்து இறுகும்வரை, வளர்ந்த சிலந்திக்கு ஏறத்தாழ ஒன்றிரண்டு வாரங்கள், இரை கொடுக்காமல் பொறுத்திருக்க வேண்டும். சட்டை ஒன்றும் இல்லை, வயிறும் ஒட்டிப்போகவில்லை என்றால் மறுநாள் மாலை ஒரு சில்வண்டைப் போட்டுப் பாருங்கள். அதைத் தொடாவிட்டால் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் மீண்டும் முயலலாம்.