ராஜராஜனைக் காப்பியடித்த கதை

போன வெள்ளிக்கிழமை ஒருவழியாக ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன். கோர்ஸ் வொர்க், சினாப்சிஸ் எல்லாம் எல்லோருக்கும் நடக்கிற மாதிரிதான் நடந்தது. என்னைப் படுத்தியெடுத்தது கடைசியில் வரும் பிளேஜியரிசம் செக்; அதாவது, எழுதியதில் எத்தனை சதவீதம் மற்ற எழுத்துகளோடு பொருந்துகிறது என்று மென்பொருள் பார்க்கும் காப்பிச் சோதனை.

தலைப்பு, சோழர்காலக் கல்வெட்டுகளில் ஏரிப் பராமரிப்பு. பள்ளிக்கூட வேலையோடு பகுதிநேரமாகச் செய்தது. ஊரில் டிடிபி சென்டர் அக்காவிடம் கொடுத்து அடித்தேன். அவருக்குக் கை பழகியது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. எனக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, அந்தச் சோதனை நடக்கும் பல்கலைக்கழக நூலகத்தில் பென்டிரைவை நீட்டினேன். அரைமணி நேரத்தில் ரிப்போர்ட் வந்தது: 0 சதவீதம். எனக்கு வாயெல்லாம் பல். அங்கிருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஜீரோல்லாம் வராதுங்க டீச்சர். யூனிகோட்ல கொண்டு வாங்க." விஷயம் இதுதான்: பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் நமக்குத்தான் அது அம்மா. கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். நான் கொடுத்த முந்நூறு பக்கமும் அதற்கு வெறும் கிறுக்கல். யூனிகோடில் அடித்தால்தான் கணினிக்கும் அது தமிழ். ஒரு நாள் லீவு போச்சு.

பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டால் அது அடிக்குறிப்பில் இருந்த ஆங்கிலப் பெயர்களையும் சேர்த்துத் தமிழாக்கிவிட்டது. ஸ்ரீ, ஹ வந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. கல்வெட்டு ஆய்வேட்டில் 'ஸ்வஸ்திஸ்ரீ' எத்தனை முறை வரும் என்று நினைக்கிறீர்கள்? தமிழில் ஆய்வேடு எழுதுபவர்களே, முதல் பக்கத்திலிருந்தே யூனிகோடில் அடியுங்கள்.

இரண்டாம் முறை 23 சதவீதம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி 10 வரை கேள்வியில்லை; அதைத் தாண்டி 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். ரிப்போர்ட்டைப் புரட்டினால் "திருமகள் போலப் பெருநிலச் செல்வியுந்" என்று தொடங்கி "காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி"யையும் தாண்டிச் சிவப்பு. ராஜராஜனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டுத் தொடக்கத்தில் அரசன் புகழ் பாடும் வரிகள்! சோழர் கல்வெட்டு பற்றி எழுதுகிற யார்தான் அதை எடுத்துப் போடவில்லை? நான் குமுறியதைக் கேட்டுவிட்டு நூலகத்துக்காரர் சொன்னார்: "யார் எழுதினதா இருந்தாலும் கொட்டேஷன் போடலைன்னா சிவப்புதான் டீச்சர்."

நியாயம்தான். மூலம் சொன்ன மேற்கோளை விதியே கழிக்கச் சொல்கிறது. மேற்கோள் குறி இருந்தால்தானே மென்பொருளுக்கு அது மேற்கோள்! கல்வெட்டு வரிகளையெல்லாம் தள்ளி அச்சிட்டிருந்தேனே தவிர, குறி போடவில்லை. என் சொந்தக் கட்டுரையிலிருந்து வந்த 4 சதவீதத்தை நெறியாளர் கடிதம் கொடுத்துக் கழித்தார்கள். அந்தக் கடிதத்தை முதலிலேயே வாங்கி வையுங்கள்.

குறி எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று பார்க்க, கல்வெட்டுகளின் மூல வாசகத்தை அச்சிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளை எடுத்து வைத்து வரிவரியாக ஒப்பிட்டேன். அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. மதகு பழுதுபார்க்க நிலம் விட்ட கல்வெட்டு ஒன்றுக்கு நான் போட்டிருந்த ஆட்சியாண்டு ௨௰, அதாவது 20. தொகுதியில் இருந்தது ௰௨. அது 12. யாரோ ஒருவர் முன்பின்னாக அடித்த பிழை. இந்திய ஆய்வேடுகளின் இணையச் சேமிப்பகமான ஷோத்கங்காவில் அந்தப் பத்தியோடு பொருந்தியதாக ரிப்போர்ட் காட்டிய இரண்டு ஆய்வேடுகளிலும் அதே 20! அவர்களும் என்னைப் போலவே ஏதோ ஒரு நூலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். மூவரில் ஒருவரும் தொகுதியைத் திறக்கவில்லை. அந்த 20-ஐ நம்பி நான் அரைப்பக்கம் வாதம் வேறு செய்திருந்தேன். அதை நீக்கிவிட்டேன். ராஜராஜனுக்காகச் சண்டை போட்டவளுக்கு இதை நெறியாளரிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது.

மூன்றாம் முறை 7 சதவீதம்.

ஐந்து பிரதி, தங்க எழுத்து பைண்டிங், சலான், நோ டியூஸ், சிடி எல்லாம் சரியாக வைத்து நீட்டினேன். பிரிவு அலுவலர் உள்ளே ஒரு பக்கம் புரட்டவில்லை. தலைப்பைப் பதிவுசெய்த ஆணையை அட்டையோடு பக்கத்தில் வைத்து, விரலால் எழுத்தெழுத்தாக நகர்ந்தார். விரல் நின்றது. ஆணையில் 'கல்வெட்டுக்களில்'. அட்டையில் 'கல்வெட்டுகளில்'.

'க்' வராது என்று இலக்கணம் பேச வாயெடுத்தேன். அந்த ௰௨ ஞாபகம் வந்தது. பேசாமல் ஐந்து பிரதிகளையும் தூக்கிக்கொண்டு பைண்டரிடம் போனேன்.