பழைய நிலை, புதுக் கதவு

மார்ச் 9
அம்மா அறைக் கதவின் கீழ்ச்சட்டத்தைக் கரையான் தின்றுவிட்டது, இன்று கழற்றி இறக்கினோம். சுவரோடு நிற்கிற நிலையை, அதாவது கதவு மாட்டுகிற சட்டத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பியிங்கடோ மரம், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஜாதி, ஒரு ஓட்டைகூட இல்லை. ஆனால் நேராக இல்லை. அகலம் மேலே 30 அங்குலம், கீழே 30¼, மூலைக்கு மூலை அளந்தால் அரை அங்குலம் வித்தியாசம். ஆசாரி மாமா தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துவிட்டு, "நிலைய நிமுத்தப் போனா சுவரும் சேந்து வரும்டா, கதவ இதுக்கு ஏத்தமாதிரி இழைச்சிக்க" என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

மார்ச் 11
தேக்குக் கதவு வந்தது, பேனல் வைத்தது. அறைக்குள்ளேயே கட்டைமேல் படுக்கப் போட்டிருக்கிறோம், சுவரில் சாய்த்தால் வளைந்துவிடும்.

மார்ச் 15
காலையிலிருந்து கரண்ட் இல்லை, ரங்கூனில் இது புதிதில்லை, எல்லாம் கைவேலைதான். ரீப்பர்களை, அதாவது மெல்லிய மரப் பட்டைகளை, நிலையின் காடிக்குள் (மரத்தில் வெட்டிய பள்ளத்துக்குள்) ஒட்டவைத்து, குறுக்கே ஒன்று போட்டு ஆணி அடித்தார் மாமா. நிலையின் சாய்வு அப்படியே அந்தச் சட்டத்தில் வந்துவிட்டது. அதைக் கதவுமேல் வைத்துக் கோடு இழுத்து, இடைவெளி விடுவதற்காகக் கொஞ்சம் உள்ளே தள்ளி இன்னொரு கோடு போட்டோம். நாடா வைத்து எவ்வளவு அளந்தாலும் இந்தச் சாய்வு கிடைக்காது. மேல் விளிம்பை இழைக்கும்போது இரண்டு ஓரத்திலிருந்தும் உள்நோக்கித்தான் இழைப்புளியைத் தள்ளவேண்டும், வெளிப்பக்கமாகப் போனால் மூலை பிளந்து தெறிக்கும். பூட்டுப் பக்க விளிம்பை லேசாகச் சரித்து இழைத்தோம், இல்லாவிட்டால் மூடும்போது நிலையில் இடிக்கும்.

மார்ச் 16
கீல், மூன்று. நிலையில் பழைய கீல் பள்ளங்கள் நன்றாகவே இருந்ததால் அவற்றை வைத்துத்தான் கதவில் குறி போட்டோம். தளர்ந்த ஸ்க்ரூ ஓட்டைகளில் தேக்குக் குச்சியைப் பசை தடவி அடித்து, காய்ந்தபிறகு புதிதாகத் துளைபோட்டோம். பியிங்கடோவில் பித்தளை ஸ்க்ரூவை நேராக முறுக்கினால் தலை ஒடிந்துவிடும். முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏற்றிக் கழற்றி, அப்புறம் பித்தளைக்கு மெழுகு தடவி இறக்கவேண்டும்.

மார்ச் 18
கதவு தொங்குகிறது, விட்ட இடத்தில் நிற்கிறது, தானாகச் சாத்திக்கொள்ளவில்லை. பூட்டுப் பக்கம் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறோம். இப்போது பார்க்க அதிகமாகத் தெரியும், ஆனால் மே முதல் அக்டோபர் வரை இங்கே பெய்கிற மழையில் மரம் அகலவாக்கில் ஊதும், நீளத்தில் அவ்வளவாக ஊதாது. பேனல் கதவில் பேனல் காடிக்குள் சும்மாதான் நிற்கும், அது ஊதினால் உள்ளேயே அடங்கிவிடும், வெளியே தள்ளுவது இரண்டு பக்கச் சட்டங்கள் மட்டும்தான், அதற்கு இந்த இடைவெளி போதும். அதனால்தான் பேனலைப் பசைபோட்டு ஒட்டவே கூடாது.

தாழ்ப்பாள் போடுமுன் ஒருமுறை கழற்றி, மேல், கீழ் விளிம்புகளுக்கு வார்னிஷ் அடிக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். ஜூலையில் இடைவெளியை மறுபடி அளந்து எழுதுகிறேன்.