மரத்தை விடுங்கள், இருக்கையைப் பாருங்கள்

18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் செய்த நாற்காலி என்றால் எல்லோரும் காலைத்தான் பார்க்கிறார்கள். வால்நட் மரம், வளைந்த கால், செதுக்கல். சரி, அழகுதான். என் கண் போவது உட்காரும் இடத்துக்கு.

கைப்பிடி இல்லாத இந்த நாற்காலிகள் பலவற்றில் இருக்கை ஒரு தனிச் சட்டம். கீழிருந்து தள்ளினால் கையோடு வந்துவிடும். ஒன்றுக்கொன்று மாறிப்போகாமல் இருக்க, உளியால் ரோமன் எண் வெட்டி வைத்திருப்பார்கள். அதன்மேல் இழுத்து அடிக்கும் துணியைச் சில வீடுகளில் பெண்களே எம்பிராய்டரி செய்தார்கள். லினன் துணியில் கம்பளி நூல், தீ நாக்கு போல ஏறி இறங்கும் வரிகள். ஆறு நாற்காலி என்றால் ஆறு துணி. எத்தனை மாலைப்பொழுது போயிருக்கும்!

நாற்காலி செய்த தச்சர் யார் என்று ஆராய்ச்சி நடக்கும். தைத்தவள் பெயர் பெரும்பாலும் கிடைக்காது. துணி நைந்ததும் வேறு துணி போட்டு மூடிவிடுவார்கள் என்பதால், முதல் தையலோடு தப்பிய நாற்காலி அபூர்வம்.

அப்புறம், சட்டத்துக்கு அடியில் மடித்து ஆணியடித்த ஓரம். அங்கே வெளிச்சம் படாது. மேலே வெளுத்துப்போன நீலமும் சிவப்பும் அங்கே மட்டும் நேற்றுதான் சாயத்தில் முக்கி எடுத்தது போல இருக்கும்.