பதினெட்டு என்று எழுதியிருந்த கொப்பி

1989இல் திருகோணமலையில் நாங்கள் உயர்தரம் படித்தபோது தாவரவியலுக்குப் புத்தகம் என்று கையில் ஒன்றும் இல்லை. சேர் சொல்லச் சொல்ல எழுதியதுதான் பாடம். ஊரடங்கு, கடையடைப்பு, மூதூரிலிருந்து வரும் லோஞ்ச் என்ற படகு ஓடாத நாள் என்று வகுப்புக்கு வரமுடியாத நாட்கள் ஏராளம். வராதவள் வந்தவளின் கொப்பியை வாங்கிப் பார்த்தெழுதுவாள். அவளிடம் இன்னொருத்தி வாங்குவாள்.

பரம்பரைச் செய்தியை ஏந்தும் இரட்டை இழையான டிஎன்ஏ படிப்பித்த அன்று சேர் மீன்வாடியில் வாங்கிய இரண்டு பிரிக் கயிற்றோடு வந்தார். இருவரை முனைகளில் பிடிக்கச் சொல்லி முறுக்கை அவிழ்த்தார். பிரிந்த ஒவ்வொரு பிரியோடும் புதுப் பிரி ஒன்றைச் சேர்த்து முறுக்கினார். இழையிலுள்ள நான்கு எழுத்துகளில் அடினீனுக்கு எதிரே தைமீன், குவானீனுக்கு எதிரே சைற்றோசீன்; ஆகவே ஒரு பிரி இருந்தாலே மற்றதை எழுதிவிடலாம். இப்போது இரண்டு கயிறு, ஒவ்வொன்றிலும் பாதி பழையது, பாதி புதியது. உடலின் கலம் (செல்) பிரிவதற்கு முன்பே இந்தப் பிரதியெடுப்பு முடிந்திருக்கவேண்டும் என்றார். 1958இல் மெசல்சனும் ஸ்ராலும் பாரமான நைதரசனில் வளர்த்த பற்றீரியாவைக் கொண்டு இதை நிறுவியதையும் சொன்னார். டிஎன்ஏயின் வடிவத்தைக் கண்டவர்கள் வற்சன், கிரிக் என்று சொல்லும்போதெல்லாம் றோசலின்ட் பிராங்கிளினின் எக்ஸ் கதிர்ப் படங்களையும் சேர்த்தே சொல்வார். அதற்காகவே அவர்மேல் எனக்கு இன்றும் மதிப்பு.

ஒரு மனிதக் கலத்திலுள்ள இழை முழுவதையும் நீட்டினால் ஏறத்தாழ 2 மீற்றர். அதைக் கொண்டிருக்கும் கலக் கருவின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஆறு பங்களவுதான். புரத உருண்டைகளில் சுற்றிச் சுற்றி அவ்வளவும் அடங்குகிறது. இதைக் கேட்டுவிட்டு உட்துறைமுகக் கரையால் வீட்டுக்கு நடந்தபோது, கரையில் சுருட்டி வைத்திருந்த வடங்களை நின்று பார்த்தேன்.

செய்முறைக்கு நிலாவெளி வெங்காயம். தண்ணீர்ப் போத்தலின் வாயில் வைத்து வேர்விட்டதும், நுனியை வெட்டி, அமிலத்தில் இளக்கி, சாயமேற்றி, கண்ணாடியில் வைத்து நசுக்குவோம். இருந்த ஒரேயொரு நுணுக்குக்காட்டியில் வரிசையாக நின்று பார்த்தோம். டிஎன்ஏ இழை சுருண்டு திரண்ட நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) நடுவில் அணிவகுத்து நின்ற கலம் ஒன்று எனக்குக் கிடைத்தது. எண்ண முடியவில்லை. 16 என்று சேர் சொன்னதை எழுதிக்கொண்டோம்.

மாதப் பரீட்சையில் ஏழுபேர் 18 என்று எழுதியிருந்தார்கள். சேர் கோபிக்கவில்லை. “இது ஆரைப் பாத்து எழுதினது, பிள்ளை?” என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டு, கரும்பலகையில் கிளைகிளையாகக் கீறிக்கொண்டே போனார். எல்லாக் கிளைகளும் என் பக்கத்தில் இருந்தவளின் கொப்பியில் போய் முடிந்தன. அவள் 16 என்றுதான் எழுதியிருந்தாள். ஆனால் அவளுடைய 6 எப்போதும் மேலே மூடிக்கொள்ளும். அடுத்து எழுதியவளுக்கு அது 8 ஆகத் தெரிந்திருக்கிறது.

“நான் படிக்கேக்க மனிசனுக்கு 48 எண்டுதான் எழுதினனான்” என்றார் சேர். 1923இல் ஒருவர் எண்ணிச் சொன்ன கணக்கு முப்பது வருடத்துக்கு மேலாகப் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குப் போனது. 1956இல்தான் சுவீடனிலிருந்து ட்ஜியோவும் லெவானும் 46 என்று வெளியிட்டார்கள். கலமும் பிழை விடும் என்று சொல்லி அன்றைய பாடத்தைத் தொடங்கினார். எழுதும் நொதியமே திரும்பிப் பார்த்துத் திருத்தும். அதற்குப் பிறகும் திருத்த ஆட்கள் உண்டு. அவ்வளவையும் தாண்டி ஏறத்தாழ நூறு கோடி எழுத்துக்கு ஒன்று தப்பிவிடும். தப்பியது அடுத்த கலத்துக்கும், முட்டையிலோ விந்திலோ நேர்ந்தால் பிள்ளைக்கும் போகும். சிலவேளை அது கொடுமை: ஈமோகுளோபினுக்கான பரம்பரையலகில் ஒரே ஓரெழுத்து மாறினால் செங்குருதிக் கலங்கள் அரிவாளாக வளையும். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, சும்மா கூடவே வரும். ஒரே பிழை இரண்டு பேரிடம் இருந்தால் இரண்டு பேருக்கும் ஒரு மூதாதை இருந்திருக்க இடமுண்டு என்றார்.

எங்கள் கொப்பிகளைத் திருத்தினோம். அதற்குள் சில மூதூருக்குப் போய்விட்டிருந்தன.

1990 ஆனியில் போர் மூண்டபோது சிதறினோம். என் கொப்பிகள் வீட்டோடு போயின. பக்கத்தில் இருந்தவள் எந்தப் பக்கம் போனாள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. முப்பத்தைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரொறன்ரோவில் ஒரு வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் நிறமூர்த்தம் எண்ணுவதே என் வேலை. 46க்குப் பதில் 47 வந்தால், 21ஆவது மூன்றாக இருந்தால், அது டவுன் சிண்ட்ரோம்; ஒரு குடும்பத்துக்கு அதைச் சொல்லவேண்டியிருக்கும். அதனால் ஒருமுறை எண்ணியதை நம்புவதில்லை.

இந்த மலருக்காகப் பழைய படங்கள் கேட்டபோது, மூதூர்த் தங்கை ஒருத்தி தன் அக்கா வைத்திருந்த தாவரவியல் கொப்பியின் சில பக்கங்களை வாட்சப்பில் அனுப்பினாள். நீல மை மங்கியிருந்தது. நான் அறியாத கையெழுத்து. கலம் இரண்டாகும் இழையுருப்பிரிவின் நான்கு அவத்தைகளும் சேர் கீறிய அதே ஒழுங்கில் இருந்தன. அடியில், வெங்காயத்தின் நிறமூர்த்த எண்ணிக்கை 18.

படத்தைப் பெருப்பித்து அந்த எட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.