குடித்தனம் மாறியதும் கேஸ் சான்றிதழுக்கு அலைந்த அலைச்சல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் வாடகைக்கு விட்ட வீட்டுக்கு, கேஸ் இணைப்பு பாதுகாப்பானது என்று சொல்லும் கேஸ் சான்றிதழை ஒருவழியாக வாங்கியாயிற்று. "கரண்ட் சான்றிதழ்தான் இருக்கே அண்ணே, அது போதும்" என்று ஏஜென்ட் அடித்துச் சொன்னார். அதை நம்பாதீர்கள், இரண்டும் வேறு வேறு. இந்த நாட்டின் 2009 அழுத்தக் கருவி விதிகளில் 17-ஆவது விதியைப் பாருங்கள்: இணைப்பு புதிதாகப் போட்டாலும், அதில் கை வைத்தாலும், உரிமையாளரோ பயன்படுத்துபவரோ மாறினாலும் புதுச் சான்றிதழ் வேண்டும்.

முதலில் வந்த மெக்கானிக் தன் கேஸ் பதிவு அட்டையை நீட்டினார், மளமளவென்று சான்றிதழ்த் தாளும் எழுதிவிட்டார். அட்டையைத் திருப்பினால் ஏசி, ஃப்ரிட்ஜ் வேலைக்கான பதிவு! இந்த நாட்டில் ஏசிக்காரருக்கும் அடுப்பு கேஸ்காரருக்கும் அட்டை தருவது எஸ்ஏக்யூசிசி கேஸ் என்ற ஒரே அமைப்புதான். எல்பி கேஸ், அதாவது அடுப்பு கேஸ், பதிவு இல்லாதவர் கொடுக்கும் தாள் செல்லாது. பணம் கொடுக்கும் முன் அட்டையின் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சரியான ஆள் வந்ததும் பின்சுவரோரம் நின்ற 48 கிலோ சிலிண்டர்கள் இரண்டையும் பார்த்துக் கூடாது என்று தலையாட்டிவிட்டார். சமையலறைச் சாக்கடை வாய்க்கும் அவற்றுக்கும் ஒரு முழம்கூட இல்லை. 2 மீட்டராவது வேண்டும். எல்பி கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு ஊர்ந்து அந்தக் குழிக்குள் இறங்கித் தேங்கிவிடும், அப்புறம் ஒரு பொறி போதும். கதவு, ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் 1 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். பிளக் பாயிண்டும் பக்கத்தில் ஆகாது.

உள்ளே இன்னும் மோசம். ரப்பர் ஹோஸ் அலமாரிப் பலகையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. ஓட்டை விளிம்பு உராய்ந்து மேல்தோல் வெளுத்துப்போயிருந்தது. கேஸை நிறுத்தும் அடைப்பு வால்வு ஓவன் அடுப்புக்குப் பின்னால் இருந்தது. தீப்பிடித்தால் எந்தக் கை அங்கே எட்டும்? சிலிண்டரை இடம் மாற்றி, சுவருக்குள் உறை போட்டுச் செம்புக் குழாய் இழுத்து, வால்வைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தபின் அழுத்தச் சோதனையும் சோப்புநீர்ச் சோதனையும் சட்டென்று முடிந்தன.

ஃபிளாட் வாடகைக்கு விடுபவர்களுக்கு: உள்ளே 9 கிலோ சிலிண்டருக்கு மேல் கூடாது. அதையும் அலமாரிக்குள் அடைக்க விடாதீர்கள். சான்றிதழின் நகலைக் குடியிருப்பவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்பது அதைத்தான்.