ஊசி போட்ட தேதி, ரத்தம் எடுத்த தேதி

ஒன்பது வருடமாக டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறேன். மருந்தின் பெயரைக் கேட்டதும் எதிரே இருப்பவர் பார்வை என் புஜத்துக்குப் போகும். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. 38 வயதில் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். மற்ற ஹார்மோன்கள் தப்பித்தன, இது மட்டும் திரும்பவில்லை. வேறு வேறு நாளில், காலையில் வெறும் வயிற்றில் இரண்டு முறை பார்த்தார்கள்: 140, 152. டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள். விரைகளை வேலை வாங்க பிட்யூட்டரி அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன்கள் இரண்டும் அடிமட்டத்தில் இருந்தன. ஆலை நன்றாகத்தான் இருக்கிறது, மேலிடத்து உத்தரவுதான் வரவில்லை.

மருந்து எழுதுவதற்கு முன் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “இனிமே குழந்தை வேணுமா?” வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும். எங்களுக்கு ஏற்கெனவே இரண்டு பேர் இருந்ததால் யோசிக்கவில்லை. குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு வேறு ஊசி இருக்கிறது. அதைக் கேட்காமல் இதை ஆரம்பித்துவிட்டு அப்புறம் தவிப்பவர்கள் உண்டு.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை 250 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் ஊசி. முதல் வாரம் ராஜா, இரண்டாவது வாரம் மனிதன், மூன்றாவது வாரம் யார் பேசினாலும் எரிச்சல். காலண்டரைப் பார்க்காமலேயே மனைவி கேட்பாள், “ஊசி நாள் வந்துடுச்சா?” பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மூன்று மாதம் கழித்து முதல் ரத்தப் பரிசோதனை. 1,340 என்று வந்தது. ஊர்ப்பட்ட பயம் எனக்கு. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “ஊசி என்னைக்குப் போட்டீங்க?” என்றார். மூன்று நாள் முன்பு. “அப்ப இது உச்சி. அடுத்த ஊசிக்கு முந்தின நாள் எடுத்துட்டு வாங்க.” எடுத்தேன், 210. அதே உடம்பு, அதே மருந்து. எந்த நாளில் எடுத்தது என்று தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு அளவைக் குறைத்திருந்தால் என் கதி என்ன? அன்றைக்கு ஒரு பாக்கெட் நோட்டு வாங்கினேன். ஊசி போட்ட தேதி, ரத்தம் எடுத்த தேதி, மணி, ரிசல்ட். இன்னொரு சிக்கல், சில லேப்களில் நானோமோல் கணக்கில் தருவார்கள். அதை 28.8 ஆல் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடும். முதல் முறை 14 என்று பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது, அது நானூறு சொச்சம்தான்.

நோட்டு இருந்தும் ஒரு முறை ஏமாந்தேன். ஊசிக்கு முந்தின நாளே எடுத்த ரத்தத்தில் அளவு ஏகத்துக்கு மேலே, கூடவே தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். கீழே. டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். “முடி கொட்டுதுன்னு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், பயோட்டின். சொல்லவே இல்லை, வைட்டமின்தானே என்று. சில லேப் இயந்திரங்கள் அளக்கும் முறையிலேயே பயோட்டின் பயன்படுவதால், ரத்தத்தில் அது மிதந்தால் கணக்கு தப்பும். சில எண்ணை ஏற்றிக் காட்டும், சிலதை இறக்கிக் காட்டும். மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் கழித்து எடுத்ததும் இரண்டும் இடத்துக்கு வந்தன. முடி அதன் பாட்டுக்குக் கொட்டியது.

ஆனால் இத்தனை வருடத்தில் என்னை ஆட்டிப்படைத்தது டெஸ்டோஸ்டிரோன் எண் இல்லை, ஹீமடோக்ரிட். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்திருக்கின்றன என்பது. இந்த மருந்து எலும்பு மஜ்ஜையைத் தட்டி எழுப்பி சிவப்பணுக்களைக் கூடுதலாகத் தயாரிக்க வைக்கும். தோலில் தடவும் ஜெல்லைவிட ஊசியில் இது அதிகம். எனக்கு ஆரம்பத்தில் 42. ஒரு வருடத்தில் 47, அப்புறம் 50. நான்காவது வருடம் 54.6. 54ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்திவைப்பதுதான் வழக்கம், ரத்தம் கெட்டியாகி உறையும் ஆபத்து இருப்பதால்.

எனக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. குளித்து முடித்ததும் முகம் கொஞ்சம் சிவந்திருக்கும், நல்ல நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். “வெறும் வயிறு”க்கு நான் வைத்திருந்த அர்த்தம் தண்ணீரும் கூடாது என்பது. முந்தின இரவு எட்டு மணியிலிருந்து நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தேன். உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் இந்த எண் ஏறிக் காட்டும். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்ததில் 53.8. பெரிய ஆறுதல் இல்லை. ரத்த தானம் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அது எண்ணை இறக்கும், இரும்புச்சத்தையும் சேர்த்து இறக்கும், காரணம் அப்படியே இருக்கும் என்றார். முதலில் அவர் விசாரித்தது என் குறட்டையை. தூக்கத்தில் மூச்சு தடைபட்டால் உடம்பு ஆக்சிஜன் போதவில்லை என்று நினைத்து இன்னும் சிவப்பணு செய்யுமாம். ஓர் இரவு முழுக்க ஒயரும் பட்டையுமாகப் படுத்துப் பரிசோதித்ததில் எனக்கு அது இல்லை என்று தெரிந்தது.

ஆறு வாரம் ஊசியை நிறுத்தினோம். இறங்கியது. பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு பெரிய ஊசிக்குப் பதிலாக, வாரத்துக்கு ஒரு சின்ன ஊசி, 75 மில்லிகிராம். மொத்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் அந்த உச்சி போய்விட்டது. தொடையின் வெளிப்பக்கம் நானே போட்டுக்கொள்கிறேன். எண்ணெய் மருந்து, அவசரப்பட்டால் வலிக்கும். குப்பியை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் உருட்டிவிட்டு மெதுவாகப் போட்டால் தெரிவதே இல்லை. மூன்றாவது வாரம் என்ற ஒன்றும் வீட்டில் ஒழிந்தது. இதை முதல் வருடமே கேட்டிருக்கலாம்.

புராஸ்டேட் சுரப்பியைக் கண்காணிக்கும் ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. ஒரே ஒரு தடவை மிரட்டியது, 0.8லிருந்து 1.9. முந்தின நாள் முழுக்க சைக்கிள் ஓட்டியிருந்தேன். ஆறு வாரம் கழித்து, சைக்கிளையும் தாம்பத்தியத்தையும் இரண்டு நாள் தள்ளிவைத்துவிட்டு எடுத்ததில் 0.9. ஒரே வருடத்தில் 1.4க்கு மேல் கூடி, மறுமுறையும் அப்படியே நின்றால் யூராலஜி டாக்டரிடம் அனுப்புவார்களாம்.

நடுவில் ஒரு முறை, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நானாகவே ஐந்து மாதம் விட்டேன். பெருமைப்படும் கதை இல்லை. திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்தது, மாடி ஏறினால் கால் கனத்தது, ஹீமோகுளோபின் 12.1க்கு இறங்கியிருந்தது. டாக்டர் திட்டவில்லை. எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பழைய அளவிலேயே ஆரம்பிக்கச் சொன்னார்.

இப்போது ஞாயிறு காலை ஊசி, ஆறு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை ரத்தம், தண்ணீர் குடித்துவிட்டு. மூன்றாவது நோட்டு ஓடுகிறது. கடைசி வரி: ‘சனி, 7.40. டெஸ்டோ 480. ஹீமடோ 48.9. பி.எஸ்.ஏ. 0.9. சைக்கிள் இல்லை.’